சாத்தூர் சம்பாவின் காது

நவம்பர் 12, சனி

சம்பா ஐந்தாவதாக வந்தது. சொன்னபடியே.

இந்த டைரி போன தை மாசம் கமிஷன் ஏஜெண்ட் ஒருத்தர் கொடுத்தது. இத்தனை நாள் கல்லாவுக்கு அடியில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம், இந்தச் சங்கதியை வாயால் சொல்ல எனக்கு ஆள் இல்லை. மண்டியில் சொன்னால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விடும். வீட்டில் சொன்னால் மனைவி செல்வக்கனி சாப்பாடு போடுகிற விதமே மாறிவிடும்.

சாத்தூர் சம்பா என்பது நான் விற்கிற வத்தல். என் குதிரைக்கும் அதே பேர். பேர் பதிகிற இடத்தில் குமாஸ்தா இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். மற்றவர்கள் தங்கள் குதிரைக்கு வெள்ளைக்காரன் பேராகத் தேடி வைக்கிறார்கள். எனக்குச் சோறு போட்ட பேரை நான் வைத்தேன். நிறமும் அதுதான், காய்ந்த வத்தலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்த மாதிரி.

கணக்கு சுலபம். தோற்கிற குதிரைக்கு அடுத்த பந்தயத்தில் சுமையைக் குறைப்பார்கள், கீழ் வகுப்பில் இறக்குவார்கள். பந்தயப் பணம் வாங்குகிற புக்கிகள், ஜெயித்தால் ரூபாய்க்கு எத்தனை என்கிற அதன் விலையைப் பலகையில் ஏற்றிக்கொண்டே போவார்கள். எவனும் அதன்மேல் கட்டமாட்டான். மூன்று தடவை அப்படித் தோற்கவிட்டு, பொங்கல் பந்தயத்தில் ஓட விட வேண்டியது. அன்றைக்கு நாம் மட்டும் கட்ட வேண்டியது. நல்ல சரக்கைக் குடோனில் பூட்டிவிட்டு, இந்த வருஷம் ஒன்றும் சரியில்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இதுவும் ஒன்றுதான். அப்படி உட்கார்ந்துதான் இந்தத் தெருவில் சொந்தக் கட்டடம் வாங்கினேன்.

குடோனுக்குப் பூட்டு போதும். குதிரைக்கு ஒரு மனுஷன் வேண்டும். ஜாக்கி இருதயராஜ் அப்படிப்பட்ட ஆள். வயது நாற்பதை நெருங்குகிறது, இன்னும் ஒன்றிரண்டு சீசன் ஓட்டினால் அதிகம். மார்ச்சில் டிரெயினர் லைசென்சுக்கு மனுப் போடப்போகிறார். அதற்கு இரண்டு காரியம் வேண்டும். பேரில் ஒரு கறை இருக்கக் கூடாது. நம்பிக் குதிரை தருகிற முதலாளி ஒருத்தராவது இருக்க வேண்டும். கறை இதுவரை இல்லை. முதலாளி நான். பொங்கல் வரை என் சொல்படி ஓட்டினால் சம்பாவும், அடுத்து வாங்கப்போகிற குட்டிகளும் அவர் லாயத்துக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுகிற இடத்தில் முதலாளி ஜாக்கியிடம் பேசலாம். ஆனால் சுற்றிலும் காது. நான் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இருதயராஜ் கைமேல் போட்டு, உள்ளே நாலு விரலைப் பிடித்தேன். மாட்டுச் சந்தையிலும் எங்கள் ஊர் வத்தல் ஏலத்திலும் விலை பேசுகிற வழி. நாலு விரல் என்றால் பிடித்து ஓட்டு. முழுக் கை என்றால் ஓட விடு. பார்க்கிறவனுக்கு முதலாளி ஆசையாகக் கை கொடுக்கிறார். டிரெயினர் பொன்னப்பா பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடகுக்காரர். பார்க்க வேண்டாத நேரத்தில் மழை வருமா என்று பார்ப்பதில் கெட்டிக்காரர்.

இருதயராஜ் பிடித்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. குனிந்து, கையை ஆட்டி, உயிரைக் கொடுத்து ஓட்டுகிற மாதிரிதான் இருந்தது. தொழில்காரன்.

நவம்பர் 15, செவ்வாய்

அடைமழை. பின்பக்கக் குடோனில் ஓடு ஒழுகி ஓர வரிசை வத்தல் சிப்பம் எல்லாம் நனைந்துவிட்டது. தார்ப்பாய் வாங்கச் சொல்லி மைத்துனன் தவசியிடம் புரட்டாசியிலேயே சொன்னேன். நீலத்தில் வாங்கவா பச்சையில் வாங்கவா என்று யோசித்துக்கொண்டிருந்தானாம்.

நவம்பர் 21, திங்கள்

இருதயராஜ் மனைவியோடு மண்டிக்கு வந்தார். சைதாப்பேட்டையிலிருந்து மாதா கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே எட்டிப் பார்த்தார்களாம். மனைவி பேர் லூர்து. வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே சிரித்தது.

வந்ததும் இருதயராஜ் நேராக மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் ஏறி நின்றார். அவருக்கு எங்கே தராசைப் பார்த்தாலும் ஏற வேண்டும். லோடுமேன்கள் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தன், "அரைச் சிப்பம்தான் தேறும் போல, சாக்குக்குக் கழிச்சா அதுவும் இல்ல" என்றான். இருதயராஜும் சிரித்தார். சிரித்தால் கன்னத்தில் எலும்பு மட்டும் தெரிகிறது. பந்தயத்துக்கு முந்தின நாளிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். வாயில் ஊறுகிற எச்சிலைத் துப்பிவிடுவார். அதுவும் எடைதானாம்.

காப்பி வரவழைத்தேன். அவர் தொடவில்லை, லூர்துதான் இரண்டையும் குடித்தது.

"இவருக்குச் சமைக்கிறதும் குருவிக்கு வெக்கிறதும் ஒண்ணுதான் அண்ணாச்சி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாதி இட்லி. லைசென்ஸ் வரட்டும், முதல் நாளே பிரியாணி. நீங்களும் வந்துடணும்."

வருகிறேன் என்றேன். பொங்கலுக்கு என்று ஒரு கிலோ நல்ல சம்பா பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

டிசம்பர் 3, சனி

நாலு விரல். ஏழாவது. நம்பிக் கட்டிய நாலைந்து பேர் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் அம்மாவை இழுத்துத் திட்டினார்கள். காதில் விழாத மாதிரி வந்துவிட்டேன். ஓட்டலில் சாப்பிட்டுத் திரும்பும்போது கார் டயர் பஞ்சர்.

டிசம்பர் 17, சனி

மூன்றாவதும் முடிந்தது. எட்டுக் குதிரையில் ஆறாவது. விலை நான் நினைத்ததற்கு மேலேயே ஏறியிருக்கிறது.

லாயத்துக்குப் போய்ச் சம்பாவுக்கு வெல்லம் கொடுத்தேன். இருதயராஜ் சேணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நல்லாப் பிடிச்சீங்க தம்பி என்றேன். அவர் திரும்பவில்லை.

"நான் பிடிக்கலை அண்ணாச்சி. இன்னிக்குக் கையே வெக்கலை. கடைசித் திருப்பம் வந்ததும் அவளே ஒரு காதைப் பின்னால மடிச்சு என் கையைக் கேட்டா. பிடிக்கப்போறியான்னு. அப்புறம் அவளாவே நின்னுட்டா."

வேலை மிச்சம் என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. குதிரைக்குப் பழக்கமாகிவிட்டால் எடுப்பது கஷ்டம் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் ஓட்டினவருக்கு இதைக்கூடச் சரிசெய்யத் தெரியாதா. வேலைக்கு வந்த புதிதில் நானும் முதலாளி முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் தராசைப் பிடித்தேன். தனிக் கடை போட்டதும் அதெல்லாம் தானாகப் போய்விட்டது.

ஜனவரி 1, ஞாயிறு

புது டைரி. போன வருஷ டைரியில் பத்துப் பக்கம்கூட எழுதவில்லை, மிச்சத்தைச் சமையலறைக் கணக்குக்கு செல்வக்கனி வாங்கிக்கொண்டாள். என் பக்கங்களைக் கிழித்து இதற்குள் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்தாயிற்று. பூஜை அறைக்கு மஞ்சளா வெள்ளையா என்று காலையிலிருந்து பேச்சு.

ஜனவரி 8, ஞாயிறு

பொங்கல் பந்தயத்துக்கு முன் கடைசிச் சோதனை ஓட்டம். விடிந்தும் விடியாமலும் மைதானத்துக்குப் போனேன். பனி. பொன்னப்பா, இருதயராஜ், நான், வேறு இரண்டு குதிரைகளை ஓட்டுகிற பையன்கள்.

இன்றைக்கு முழுக் கைதான் என்று முன்பே சொல்லியிருந்தேன். சம்பா அருமையாக வந்தது. அந்த இரண்டையும் துரத்திப் பிடித்து, அவற்றின் வயிறு வரைக்கும் வந்தது. அங்கே ஒரு காதைப் பின்னால் மடித்தது. அப்படியே நின்றுகொண்டது. ஓட்டம் நிற்கவில்லை, ஆனால் தாண்டவில்லை. இருதயராஜ் கையால் தள்ளினார், குரல் கொடுத்தார், தோளில் சாட்டையால் ஒன்று போட்டார். காது அப்படியே மடிந்திருந்தது. ஜட்கா வண்டிக்குப் பின்னால் நடக்கிற மாதிரி அந்த இரண்டுக்கும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. இன்னொரு தடவை விட்டுப் பார்த்தோம். அதேதான்.

பொன்னப்பா கண்ணுக்கு மறைப்புக் கட்டிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

இருதயராஜ் இறங்கி என்னைத் தனியே கூட்டிப்போனார். மூச்சு வாங்கியது.

"கத்துக் கொடுத்தது நாமதான் அண்ணாச்சி. நல்லாப் படிக்கிற பொண்ணு. மறக்கமாட்டேங்கறா. இந்தப் பந்தயத்துலேர்ந்து எடுத்துருங்க. ஒரு மாசம் கொடுங்க. தனியா ஓட விடறேன், அப்புறம் மெதுவா ஓடற குதிரையோட விட்டு முன்னால போகப் பழக்கறேன். அவளுக்கு முன்னால போற ருசி திரும்ப வரணும்."

பார்க்கலாம் என்றேன்.

ஜனவரி 10, செவ்வாய்

வத்தலில் வண்டு விழுந்தது தெரிந்தால் வியாபாரி முதலில் செய்ய வேண்டியது வாயை மூடுவது. பந்தயத்திலிருந்து எடுத்தால் ஏன் எடுத்தான் என்று கேள்வி வரும். இரண்டு மாசமாக ஏற்றி வைத்த விலை கலைந்துபோகும்.

அதே பந்தயத்தில் ப்ளூ லேம்ப் என்று ஒரு குதிரை. அதைத் தவிர ஜெயிக்கத் தகுதி உள்ளது சம்பா ஒன்றுதான். சம்பா தாண்டாது என்பது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. தவசியைக் கூப்பிட்டு, நம் பணம் அத்தனையும் ப்ளூ லேம்ப் மேல் என்றேன். அவனுக்கு ஒரே குஷி.

"சொந்தக் கடை இருக்க எதிர்க் கடையில வாங்கச் சொல்றீங்க அத்தான்."

புக்கிகள் கூடுகிற இடத்துக்கு நீ போகாதே, உன் மூஞ்சியை அங்கே எல்லாருக்கும் தெரியும், வெளியாள் வைத்துப் பிரித்துப் போடு என்று ஒன்றுக்கு நாலு தடவை சொன்னேன். தலையை ஆட்டினான்.

இருதயராஜிடம் சொல்லவில்லை. அவர் மனசு நிறைந்து ஓட்டட்டும். ஒருவேளை குதிரை ஓடிவிட்டால் கோப்பை எனக்கு. ஓடாவிட்டால் ப்ளூ லேம்ப். நஷ்டம் நுழைகிற இரண்டு வாசலும் அடைத்தாயிற்று.

குடோன் ஓடு மாற்ற ஆள் வந்தார்கள். கூலி அநியாயம்.

ஜனவரி 14, சனி

பொங்கல். காலையில் பானை பொங்கியதும் கிளம்பிவிட்டேன். செல்வக்கனி, நல்ல நாளும் அதுவுமாகக் குதிரையா என்றாள். நல்ல நாள் என்பதால்தான் என்றேன்.

மைதானத்தில் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. தவசி சந்தனக் கலர்ப் பட்டுச் சட்டையும் பட்டு வேட்டியுமாக, புக்கிகளின் பலகைகளுக்கு நடுவே கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான். வெளியாள் வைத்தானாம், போதவில்லையாம், தன் பங்குக்கும் கொஞ்சம் போடலாம் என்று உள்ளே வந்தானாம். சம்பாவின் முதலாளி மைத்துனன் ப்ளூ லேம்ப் கேட்கிறான் என்று கண் சிமிட்டுகிற நேரத்தில் பரவிவிட்டது. பலகையில் சம்பாவின் விலையை அழிக்க அழிக்க ஏற்றி எழுதினார்கள். கடைசியில் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லாத சரக்கு ஆகிவிட்டது.

குதிரைகளை நடத்திக் காட்டுகிற இடத்தில் இருதயராஜ் வந்தார். பலகை இருக்கிற பக்கம் அவர் போவதற்கில்லை, ஒன்றும் தெரியாது. துண்டைப் போட்டு முழுக் கையையும் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. நேற்றிலிருந்து தண்ணீர் குடித்திருக்கமாட்டார்.

"இன்னிக்குத்தான் நல்லா மூச்சு விட முடியுது அண்ணாச்சி," என்றார். "எப்படியாச்சும் தாண்ட வெச்சிடறேன்."

நான் கையை விட்டேன். அவர்தான் கொஞ்ச நேரம் விடவில்லை.

தூரக்கண்ணாடியில் எல்லாம் பார்த்தேன். கடைசித் திருப்பத்தில் மூன்றாவது. முன்னே வழி திறந்து கிடந்தது. இருதயராஜ் சாட்டையை எடுத்தார். அந்த மனுஷன் குதிரையை அப்படி அடித்து நான் பார்த்ததில்லை. அடித்துக்கொண்டே அதன் கழுத்தில் படுத்து ஏதோ பேசினார். காது மடிந்தது. ப்ளூ லேம்ப் முதலாவதாகப் போனது. இன்னொன்றும் போனது. சம்பா அவற்றின் பின்னால், பிடிக்காத கைக்காகக் காத்துக்கொண்டு, மூன்றாவதாகவே வந்தது.

கம்பி ஓரத்தில் கத்தினார்கள். இழுத்துட்டான், காசு வாங்கிட்டு இழுத்துட்டான் என்று. ஒரு செருப்பு வந்து விழுந்தது. இருதயராஜ் குனிந்து குதிரையின் விலாவில் தடித்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் பேரைச் சொல்லி விசாரணை என்று கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வரும்போது பொங்கல் ஆறி இறுகியிருந்தது.

ஜனவரி 15, ஞாயிறு

மாட்டுப் பொங்கல். கடை விடுமுறை. தவசி லட்டு வாங்கி வந்தான்.

ஜனவரி 17, செவ்வாய்

மண்டி திறந்ததும் இருதயராஜ் வந்துவிட்டார். தராசில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை விசாரணை. பிடித்து ஓட்டினார் என்று நிரூபணமானால் லைசென்ஸ் போய்விடும், மனுவும் போய்விடும்.

"எட்டாந்தேதி காலையில அவ தாண்டலைங்கறதை நீங்க கண்ணால பாத்தீங்க. அதை மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. பொன்னப்பா சார் ஞாபகமில்லைங்கறாரு."

"சொன்னா, நல்ல குதிரை எதுனால தாண்டலைன்னு அடுத்த கேள்வி வரும்."

"வரும்."

"அதுக்கு என்ன பதில் வெச்சிருக்கீங்க?"

முந்தின மூன்று பந்தயமும் வெளியே வந்தால் எனக்கு இருக்கிற அளவுக்கு அவருக்கும் கெடுதல்தான். அது அவருக்கும் தெரியும். சாக்குத் தைக்கிறவன் பக்கம் திரும்பினார். பிறகு, தவசி ஏன் ப்ளூ லேம்ப் மேல் போட்டார் என்று கேட்டார். குரலில் ஒன்றும் இல்லை, விலை கேட்கிற மாதிரி கேட்டார். அவன் காசு, அவன் இஷ்டம் என்றேன்.

"பதினாலு வயசுல மைதானத்துக்குள்ள போனவன் அண்ணாச்சி. எனக்கு வேற தொழில் தெரியாது."

என் வார்த்தை அப்படியேதான் இருக்கிறது, குதிரைகள் உங்களுக்குத்தான், அன்றைக்கு வாய் மட்டும் அமைதியாக இருக்கட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். துண்டை எடுத்து அவர் கையைப் பிடித்தேன். முழுக் கை.

ஜனவரி 20, வெள்ளி

விசாரணை அறையில் மூன்று பெரிய மனிதர்கள், நீள மேஜை, மின்விசிறி, மூடி போட்ட கண்ணாடித் தம்ளர்கள். பந்தயத்தைப் படம் பிடித்திருந்ததைத் திரையில் போட்டார்கள். சாட்டை நன்றாகவே தெரிந்தது. பிறகு பலகையில் சம்பாவின் விலை எப்படி ஏறியது என்று ஒருத்தர் வாசித்தார். படத்தில் சாட்டை இருந்தது. பலகையில் விலை இருந்தது. விலையைத்தான் நம்பினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் நம்பியிருப்பேன்.

பொன்னப்பாவைக் கேட்டார்கள். காலைப் பயிற்சியில் விசேஷமாக ஒன்றும் இல்லை என்றார். அங்கே வானம் இல்லாததால் கூரையைப் பார்த்தார்.

என்னைக் கேட்டார்கள். நான் வத்தல் வியாபாரி ஐயா, எடை பார்க்கத் தெரியும், குதிரை பார்க்கத் தெரியாது, நம்பி ஏற்றினேன் என்றேன். மைத்துனன் விஷயம் கேட்டார்கள். வயது வந்தவன், கல்யாணம் ஆனவன், தனிச் சமையல் என்றேன். ஒருத்தர் சிரித்துவிட்டார். மற்ற இருவரும் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியாக இருதயராஜிடம் சொல்ல ஏதாவது உண்டா என்றார்கள். அவர் எழுந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அவர் உடம்புக்கு இரண்டு பங்கு. என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் நான் பிடித்திருந்த துண்டைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். நான் கையை அசைக்கவில்லை.

"குதிரை ஓடலை சார். நான் ஓட்டினேன்."

அவ்வளவுதான் சொன்னார்.

ஐந்து வருஷம் மைதானத்துக்குள் காலே வைக்கக் கூடாது என்று தீர்ப்பு. அவர் வயசுக்கு ஐந்து வருஷம் என்றால் அதோடு சரி. லைசென்ஸ் மனுவைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை. தோற்கவிட்ட மூன்று நாளும் ஒருத்தன் கேட்கவில்லை. ஓட்டிய நாளுக்குக் கேட்டார்கள்.

குண்டூர் சரக்கு லாரி இரண்டு வந்திருக்கிறது. இறக்க ஆள் பற்றவில்லை.

ஜனவரி 29, ஞாயிறு

லூர்து வீட்டுக்கு வந்தது. சமையலறையில் செல்வக்கனியோடு வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தது. நான் கூடத்தில் பேப்பர் படித்தேன். போகும்போது என் முன்னால் நின்றது. அழுகை இல்லை.

"இப்ப அவரு நல்லாச் சாப்பிடலாம் அண்ணாச்சி. எடை பாக்க யாரும் இல்ல. ஆனா பாதி இட்லிக்கு மேல இறங்கமாட்டேங்குது."

டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

செல்வக்கனி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்த மனுசர் நெசமாவே பொய்யா ஓட்டினாரா என்று. பந்தய விஷயம் உனக்குப் புரியாது என்றேன். இலையில் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் சரியாக வைத்தாள். மறுசோறு கேட்கும்போது ஆள் அங்கே இல்லை.

பிப்ரவரி 9, வியாழன்

சம்பாவை விற்றாயிற்று. நல்ல டிரெயினர் ஒருத்தனும் தொடமாட்டேன் என்கிறான், லாயக் கூலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாம்புக்கடிக்கு மருந்து செய்கிற இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றிப் பழக்கி, ரத்தம் எடுத்து, அதிலிருந்து மருந்து செய்வார்களாம். பார்க்க வந்த ஆள் பல்லைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை, கழுத்து நரம்பைத்தான் தடவித் தடவிப் பார்த்தார். ஓட வேண்டியதில்லை, அசையாமல் நின்றால் போதும் என்றார்.

நிற்கத் தெரியும் என்றேன்.

லாரியில் ஏற்ற இன்னொரு குதிரையும் இருந்தது. அது ஏறுகிற வரைக்கும் சம்பா சாய்த்துப் போட்ட பலகை ஓரத்தில் காத்திருந்து, பிறகு ஏறியது.

பிப்ரவரி 20, திங்கள்

இருதயராஜ் இன்றைக்கு மண்டியில் சேர்ந்தார். எடை போடுகிற வேலை. நான்தான் ஆள் அனுப்பினேன். முதலில் வரமாட்டேன் என்றவர், லூர்துவின் வளையல் அடகுக் கடைக்குப் போனபின் வந்தார். கண்ணெதிரே இருப்பது நமக்கு நல்லது அத்தான் என்று தவசி சொன்னான். அதற்காக இல்லை. வேலை தெரிந்த ஆள், தராசோடு வாழ்ந்த ஆள், வெளியே நின்று கஷ்டப்படுவானேன்.

காலையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தராசில் ஏறி நின்றார். குண்டைத் தள்ளி, முள் நிற்கிறவரை பார்த்தார். இறங்கிக் காலடி பட்ட இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு முதல் மூட்டையை ஏற்றச் சொன்னார். லோடுமேன்கள் கிண்டல் பண்ணவில்லை. நான் முன்பு தம்பி, நீங்க என்றுதான் பேசுவேன். இன்றைக்கு இரண்டு தடவை நீ என்று வந்துவிட்டது. அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

மத்தியானம் பார்த்தேன். லூர்து கொடுத்துவிட்ட அடுக்குச் சட்டியில் ஒரு தட்டுச் சோறு. பாதியைத் தின்றுவிட்டு மிச்சத்தைத் தெருநாய்க்கு வைத்தார்.

மார்ச் 7, செவ்வாய்

வெயில் ஆரம்பித்துவிட்டது. சரக்கு காய்ந்து எடை இறங்குகிற காலம்.

காஞ்சிபுரத்துச் செட்டியார் வந்திருந்தார், பழைய வாடிக்கை. கட்டி வைத்திருந்த சிப்பத்தைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, சீட்டில் எழுதினதை விடக் குறைச்சலாக இருக்கும் போலிருக்கிறதே என்றார். தை மாசம் போட்ட எடை அது. குறைந்திருக்கும்தான். எல்லா மண்டியிலும் குறையும், எல்லா மண்டியிலும் சீட்டு அப்படியேதான் இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் செட்டியார் இருதயராஜைப் பார்த்துவிட்டார்.

"நீங்க சொல்லுங்க. நீங்கதான் காலையில மறு எடை போட்டீங்களாமே. சரியா இருந்துச்சா?"

இருதயராஜ் போட்டிருந்தார். எவ்வளவு குறைகிறது என்று அவருக்குத் தெரியும். மண்டியில் சாக்கு தைக்கிறவனிலிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைக் காட்டவில்லை. கல்லாவில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவர் தராசைப் பார்க்கவில்லை. செட்டியாரைப் பார்க்கவில்லை. தலையை லேசாகத் திருப்பி என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"சீட்டுல இருக்கிறதுதான் எடை, ஐயா."

செட்டியார் திருப்தியாகச் சிப்பத்தை ஏற்றச் சொல்லிவிட்டார். போகும்போது என்னிடம், புது ஆள் நல்ல ஆளாக இருக்கிறார், பார்த்தால் பொய் சொல்கிறவர் மாதிரி தெரியவில்லை, விட்டுவிடாதீர்கள் அண்ணாச்சி என்றார்.

விடமாட்டேன் என்றேன். நல்ல ஆள்தான். ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

நாளையிலிருந்து கடைக்குத் துண்டு போட்டுக்கொண்டு போகவேண்டாம் என்று இருக்கிறேன். இந்த வெயிலில் அது எதற்கு.